உங்களுக்குத் தெரியுமா? அணைக்குள் ஒரு சோழர் மதில்

கொள்ளிடத்தின் கீழணைக்குள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்கள் இருக்கின்றன! 1836-இல் அணைக்கரையில் அந்த அணையைக் கட்டியபோது, பெரிய கோயிலின் சுற்று மதிலை உடைத்துத்தான் கருங்கல் கொண்டுபோனார்கள். மனம் பதைக்கிறது.

• அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகர். இன்று கோயிலைச் சுற்றி வயலும் முந்திரித் தோப்பும்.

• நகரம் மறைந்தாலும் ஊர்ப்பெயர்கள் மறையவில்லை. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். கோட்டை எங்கே, அரண்மனை எங்கே, படைக்கலம் எங்கே, மெய்க்காவலர் எங்கே என்று இந்தப் பெயர்களே வழிகாட்டுகின்றன. தொல்லியலாளருக்கு இதைவிட நல்ல வரைபடம் ஏது?

• மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் அகழ்ந்தது. 2021-இல் மீண்டும் இறங்கியது. கிடைத்தவை: செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள். அரண்மனை கல்லால் அல்ல, செங்கல்லால் எழுந்தது. அந்தச் செங்கல்லையும் பிற்காலத்தில் நிறையப் பெயர்த்துவிட்டார்கள்.

• முதலாம் ராசேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம் ஏரிதான் இன்றைய பொன்னேரி.