புரட்டாசி இடிமழையும் ஐப்பசி அடைமழையும்

புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, சென்னையில் இடி மின்னலுடன் நல்ல மழை பெய்கிறது. மறுநாள் வானொலியில் செய்தி வருகிறது. பருவமழை பிடித்துக் கொண்டது என்று செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து விவசாயிகளில் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். மானாவாரி நிலத்தில் அவசரமாக உளுந்தும் பயறும் விதைக்கின்றனர். அதன் பிறகு பத்து நாள் வானம் வெளுத்துக் கிடந்தால் முளைத்தது வாடிப் போகும். விதைச் செலவும் உழவுக் கூலியும் வீண்தான்.

இந்தத் தவற்றுக்குக் காரணம், இரண்டு வேறு மழைகளை ஒன்றென நினைப்பதே. புரட்டாசியில் பெய்வது வெப்பத்தால் உண்டாகும் இடிமழை. ஐப்பசியில் வருவதே வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காற்றையும் நேரத்தையும் கவனித்தால் போதும்.

காற்று சொல்லும் சேதி

செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சென்னையில் காலையில் மேல்காற்று வீசும். பகல் வெயில் 34, 35 டிகிரியைத் தொடும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்து மேல்காற்றுடன் மோதும்போது மேகம் திரண்டு எழுகிறது. இந்த மேகம் பெரும்பாலும் மேற்கே, உள்மாவட்டங்களில் உருவாகி, மாலையிலோ முன்னிரவிலோ கடற்கரையை நோக்கி வரும். சூறைக்காற்றும் இடியும் பலமாக இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மறுநாள் பழையபடி வெயில் காயும்.

பருவமழையின் குணம் வேறு. மேல்காற்று நின்று, வாடையும் கொண்டலும் நிலையாக வீசத் தொடங்கும். மேகம் கடலிலிருந்து வரும். பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை அதிகம். இடி குறைவு. விட்டு விட்டு நாள் முழுவதும் தூறும். பகலிலும் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும்.

இடிமழைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓர் ஊரில் கொட்டும். பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். மீனம்பாக்கத்தில் பெய்த மழை நுங்கம்பாக்கத்தில் பெய்யாமல் போவதும் உண்டு. ஆகவே சென்னை மழைச் செய்தியை நம்பி நம் வயலில் விதைக்கக் கூடாது. ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்து, அதுவரை ஈரம் இறங்கியிருந்தால் மட்டுமே விதைக்கலாம்.

தொடங்கும் நாள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஒரு வாரம் முன்பின் ஆவது சகஜம். மழை பெய்தது என்பதற்காக மட்டும் வானிலைத் துறை பருவமழையை அறிவிப்பதில்லை. கரையோரத்தில் கீழ்காற்று நிலைபெற வேண்டும். மழை பரவலாகப் பெய்ய வேண்டும்.

தாமதமாகத் தொடங்கினால் மழை குறையும் என்பதும் சரியல்ல. 2015-ல் அக்டோபர் 28-ந் தேதிதான் பருவமழை தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 2016-ல் தொடங்கியது அக்டோபர் 30. ஆனால் அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. இரண்டு நாள்தான் வித்தியாசம். ஓராண்டு வெள்ளம், மறு ஆண்டு வறட்சி. எனவே விவசாயிகள் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

இடிமழைக் காலத்தில்

இந்த நாட்களில்தான் மானாவாரி நிலக்கடலை அறுவடைக்கு வருகிறது. கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய செடியை நிலத்தில் விட்டுவைத்தால், ஒரு மழைக்கே காய் மண்ணுக்குள் முளைத்துவிடும். ஆகவே பதம் வந்தவுடன் பிடுங்கி, வெயில் உள்ளபோதே காயவைக்க வேண்டும். மாலையில் தார்ப்பாயைக் கைவசம் வைத்துக் கொள்ள வேண்டும்.

மின்னல் அபாயமும் இப்போது அதிகம். மேற்கே கருத்துவிட்டால் மாடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதே நல்லது. தனிமரத்தடியில் ஒதுங்கக் கூடாது. வரவுக்கால் தூர்வாருவதையும், வரப்பைச் சீராக்குவதையும், வயலின் தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டுவதையும் காற்று திரும்புமுன் முடித்துவிட வேண்டும். கால்நடைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியையும் இதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பருவமழை தொடங்கியபின்

சம்பா நெல்லுக்கு மேலுரம் இடும்போது மிகுந்த கவனம் தேவை. மழைக்கு முதல் நாள் இட்ட யூரியா வரப்பு வழிந்து ஓடும் நீரோடு போய்விடும். மழை வெறிக்கும் நாளாகப் பார்த்து, நீரை வடித்து, சேறு பதமாக உள்ளபோது இட வேண்டும். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டால் தழைச்சத்து மெதுவாகக் கரையும், இழப்பு குறையும். முழு அளவையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவதே சிக்கனம்.

ஒரு செ.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். கனமழை என்று வானிலைத் துறை குறிப்பிடும் அளவு ஆறரை செ.மீ.யில் தொடங்குகிறது. அப்படியானால் ஒரே நாளில் இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் நம் ஒரு ஏக்கரில் விழும். வடிகால் இல்லாத வயலில் இளம் பயிர் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சென்னை ரேடார் படத்தைக் கைபேசியிலேயே பார்க்க முடிகிறது. மேகம் மேற்கிலிருந்து வருகிறதா, கடலிலிருந்து வருகிறதா என்பது அதில் தெளிவாகத் தெரியும். அது இல்லாதவர்கள் வீட்டு வாசலில் ஒரு துணியைக் கழியில் கட்டிவைத்து, தினமும் காலையில் காற்றின் திசையைக் குறித்து வரலாம். மூன்று நான்கு நாள் தொடர்ந்து துணி மேற்குப் பக்கமாகவோ தென்மேற்காகவோ பறந்து, விடியற்காலையில் மழையும் வந்தால் பருவமழை வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதுவரை விதை குதிரிலும் யூரியா மூட்டையிலும் இருப்பதே நலம்.