நாய்க்குத் தெள்ளு... பிள்ளைக்குப் புழு!

"ஐயா, பிள்ளை கால்ல சிவப்பா ஒரு கோடு. நேத்து இங்க இருந்துச்சு, இன்னிக்கு அங்க நகர்ந்திருக்கு. ராத்திரி பூரா அரிப்பு!"

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துத் தாய்மார்கள் இப்படிச் சொன்னால், நான் முதலில் கேட்பது, "உங்க தெருவுல நாய் இருக்கா?" என்பதைத்தான்.

நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழு இடும் முட்டைகள் மலத்தோடு மணலில் விழுகின்றன. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் இளம்புழுவாகின்றன. அலை வந்து கழுவும் மணலில் ஆபத்து குறைவு. மேட்டில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழல், வலைக்கொட்டகை, தென்னந்தோப்பு... பிள்ளைகள் விளையாடும் அதே நிழல் மணல்தான் புழுவுக்கும் சுகமான இடம்!

கோடு தெரிந்தால் எருக்கம்பால் வைக்காதீர்கள், சூடு போடாதீர்கள். தோல் புண்ணாகும், புழு சாகாது. டாக்டரிடம் காட்டினால் மாத்திரையில் குணமாகிவிடும்.

உருண்டைப்புழு இன்னும் பொல்லாதது. அதன் முட்டை மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும். மண் அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் போனால், ஈரலைத் தாக்கும். சில சமயம் கண் பார்வையையே கெடுத்துவிடும். ஆகவே நாய் மலத்தை அன்றன்றே அள்ளி ஆழமாகப் புதைத்தால் பாதி நோயைத் தடுத்த மாதிரி.

தெள்ளுக்கும் புழுவுக்கும் என்ன உறவு?

நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளின் குஞ்சு தின்கிறது. அது வளர்ந்து நாயைக் கடிக்கும்போது, நாய் பல்லால் கடித்து அதை விழுங்கிவிடுகிறது. உள்ளே போனது நாடாப்புழுவாகிறது. ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால், சீக்கிரமே மறுபடியும் வரும்.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க வெள்ளைத் துணியை விரித்து, நாயை அதன்மேல் நிறுத்திச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகளில் தண்ணீர் தெளித்தால் சிவந்து கரையும். அது நாயின் ரத்தம், தெள்ளின் எச்சம்!

ஒரு பெண் தெள்ளு தினமும் 40 முட்டை வரை இடும். அவை நாய் மேல் தங்காது. சாக்கிலும் தரைவெடிப்பிலும் உதிர்ந்து கிடக்கும். எனவே,

* நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.
* படுக்கும் இடத்தைக் கூட்டி, சருகு அள்ளி, வெயில் படும்படி வையுங்கள்.
* சீப்பில் வரும் தெள்ளை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

சித்த வைத்தியரான நானே சொல்கிறேன்: கைவைத்தியத்தை மட்டும் நம்ப வேண்டாம். வேப்பிலை கொதித்து ஆறிய நீரில் குளிப்பாட்டினால் அரிப்பு சற்று அடங்கலாம். தெள்ளு முட்டை அழியாது. கற்பூர எண்ணெய், புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய் பூசவே கூடாது. நாய் நக்கும், விஷம் ஏறும். 'பூச்சிக்கு நல்லது' என்று வெங்காயம், பூண்டு கொடுப்பதும் தப்பு. அவை நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். சில மருந்து பூனையைக் கொன்றே விடும்.

புழு மருந்து எப்போது?

குட்டி பிறந்த இரண்டாம் வாரமே ஆரம்பிக்க வேண்டும். தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் புழு வருவதால் தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அளவு நாயின் எடையைப் பொறுத்தது. அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுத்த பூச்சி மாத்திரையை நாய்க்கு உடைத்துப் போடாதீர்கள்.

ஆடு அறுக்கும் நாளில் பச்சை ஈரல், நுரையீரலை நாய்க்கு வீசாதீர்கள். அதிலுள்ள நீர்க்கட்டி நாயின் வழியாக மனிதனுக்கு வந்தால் ஈரலில் கட்டி வளரும். மீன் கழிவையும் வேக வைத்தே போடுங்கள்.

நாயைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவவும், மணலில் செருப்போடு நடக்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். நாயை விரட்ட வேண்டியதில்லை; சுத்தமாக வளர்த்தால் போதும்!