லடாக் மலைச்சாலை: ஓட்டும் உயரத்தைவிடத் தூங்கும் உயரத்தைக் கவனியுங்கள்

இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக்கிற்கு ஒரு முறையாவது மோட்டார் சைக்கிளில் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுவோர் நம்மிடையே உண்டு. விமானத்தில் டெல்லி, அங்கிருந்து மணாலி, அங்கே வாடகைக்கு ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு 400 கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலையில் ஓடி லே நகரம். பலர் போடும் திட்டம் இதுதான்.

சரளைக்கல், சேறு, சாலைக்குக் குறுக்கே ஓடும் நீரோடை எல்லாம் அந்தப் பாதையில் உண்டு. ஆனால் கடல்மட்டத்துக்கு அருகிலேயே வாழ்ந்து பழகிய நமக்குச் சாலையைவிடப் பெரிய ஆபத்து உயரம்தான்.

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியிலுள்ள ஜிஸ்பா 3,200 மீட்டர். அதற்கடுத்து, கூடாரங்களில் பலர் இரவு தங்கும் சர்ச்சு 4,290 மீட்டர். நம் சபாவிலுள்ள கினபாலு மலையின் உச்சியே 4,095 மீட்டர்தான். அதாவது, கினபாலு உச்சியைவிட உயரமான இடத்தில் படுத்துத் தூங்கச் சொல்கிறது அந்தத் திட்டம்.

உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. மூச்சுக்கு மூச்சு நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. இந்தச் சாலையின் மிக உயரமான கணவாயான தங்லங் லாவில் (5,328 மீட்டர்) அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். 'லா' என்றால் அப்பகுதி மொழியில் கணவாய். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் நாள் கணக்கில் அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பகலில் உயரமான கணவாயைக் கடந்து இறங்கிவிடுவதைவிட, உயரத்திலேயே இரவு தங்குவதுதான் உடலை அதிகம் சோதிக்கும்.

2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, ரோத்தாங் கணவாயில் ஏறாமலே மணாலியிலிருந்து சில மணி நேரத்தில் ஜிஸ்பாவுக்குப் போய்விடலாம். "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, சர்ச்சுவுக்கே போய்விடுவோம்" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மலைநோய் கண்டால் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவிலிருந்து நேராக இறங்க வழியில்லை. மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா லாவை ஏறிக் கடக்க வேண்டும். லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்கள். இறங்குவதற்கே ஏற வேண்டும், அதுவும் நள்ளிரவில், குளிரில்.

இதற்கு மாற்று உண்டு. ஸ்ரீநகரிலிருந்து (1,585 மீட்டர்) புறப்பட்டு, கார்கிலில் (2,676 மீட்டர்) ஓர் இரவு தங்கி, லே நகரை (3,500 மீட்டர்) அடையலாம். வழியில் 4,108 மீட்டர் ஃபோத்து லா வந்தாலும் அன்றே இறங்கிவிடுகிறோம். லேயில் இரண்டு நாள் ஓய்வெடுத்து, உடல் பழகிய பிறகு, மணாலி வழியாகத் திரும்பலாம். அதே மலை, அதே கணவாய்கள். வரிசை மட்டும்தான் வேறு. காஷ்மீரின் பாதுகாப்பு நிலவரத்தையும் நமது வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மணாலி வழியாகத்தான் போக முடியும் என்றால், ஜிஸ்பாவில் இரண்டு இரவாவது தங்குங்கள்.

நீரோடைகளுக்கும் நேரம் உண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் பிற்பகலில் தண்ணீர் வேகமெடுக்கும். விடியற்காலையில் குறைவாக இருக்கும். ஆகவே அதிகாலையிலேயே கிளம்புங்கள். தண்டி என்ற இடத்தில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 300 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் நிலையத்தை நம்பியிருக்க முடியாது.

புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள். மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். பயணக் காப்புறுதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் மலையிலிருந்து மீட்கப்படும் செலவும் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் மேலே ஏறாமல் நின்றுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது குதிகாலையும் கால்விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினால், அது உயிராபத்தின் அறிகுறி. அப்படிப்பட்டவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இராணுவ முகாமோ மருத்துவ நிலையமோ அருகில் இருந்தால் உதவி கேட்டு, கார் பிடித்து, உடனே தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.