அதே எடை, அதே விலை: நண்டு, சிப்பியின் சத்து மட்டும் மாதத்துக்கு மாதம் மாறுவது ஏன்?

"போன மாசம் வாங்கின நண்டுல சதை நல்லா இருந்துச்சு. இப்ப வெறும் கூடாத்தான் இருக்கு." ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் நண்டு வாங்குபவர்கள் சொல்லும் குறை இது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் பருவம்தான்.

சிப்பிக்குள் என்ன நடக்கிறது?

சிப்பியும் மட்டியும் கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளைத் தின்கின்றன. இரை அதிகம் கிடைக்கும் நாட்களில் மிச்சத்தை 'கிளைக்கோஜன்' என்ற மாவுச்சத்தாக உடம்பில் சேர்த்துவைக்கும். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது அந்தச் சேமிப்பு முட்டையாகவும் விந்தாகவும் மாறும். அப்போது கொழுப்பும் கூடும், சதையும் திரண்டிருக்கும்.

முட்டையைக் கடலில் விட்டதும் சேமிப்பு காலி. சத்து போன இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஓட்டின் அளவு மாறாததால் வெளியே பார்த்தால் தெரியாது.

தண்ணீர் கூடினால் என்ன?

ஓர் உதாரணக் கணக்கு. 100 கிராம் சதையில் தண்ணீர் 75 கிராம் என்றால், புரதம், கொழுப்பு, தாதுக்கள் எல்லாம் சேர்த்து 25 கிராம். தண்ணீர் 85 கிராம் ஆனால், மீதி 15 கிராம்தான். தண்ணீர் கூடியது 10 கிராம். சத்துப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம். '100 கிராமில் இவ்வளவு புரதம்' என்ற பட்டியலைப் படிக்கும்போது, அது எந்த மாதத்துச் சதை என்பதையும் கேட்க வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வராத மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி சாப்பிடாதே என்பது ஐரோப்பியப் பழமொழி. அங்கே கோடைதான் முட்டைக்காலம். அந்தக் கணக்கு நம் கடலுக்கு ஒத்துவராது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் சிப்பி வளர்த்துப் பார்த்தபோது, சதை திரண்டிருந்து அறுவடைக்கு ஏற்றவையாக அமைந்தவை மார்ச்-ஏப்ரல், ஆகஸ்ட்-செப்டம்பர் மாதங்கள்.

ராமேஸ்வரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தீவுக்கு வடக்கே 'பெண் கடல்' எனப்படும் பாக் விரிகுடா, தெற்கே 'ஆண் கடல்' எனப்படும் மன்னார் வளைகுடா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் உப்பு குறையும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசினால் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். உப்பு, வெப்பம், இரை மூன்றும் இப்படி மாறுவதால், ஒரே மாதத்தில் இரண்டு கடலிலும் எடுத்த சிப்பி ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது.

நண்டின் கதை வேறு

நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்பவைக்கும். புது ஓடு இறுகிய பிறகுதான் தண்ணீர் இருந்த இடத்தில் மெல்லச் சதை வளரும். இடையில் பிடிபட்டால் அது தண்ணி நண்டு. பார்க்கப் பெரிசு, கையில் எடுத்தால் கனம் இருக்காது. வயிற்றுப்பக்க ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கும்.

சத்தான நேரம், ஆபத்தான நேரம்

முட்டை விடுவதற்குச் சற்று முன்புதான் சதை உச்சத்தில் இருக்கும். அதாவது, தின்பவருக்கு நல்ல நேரமே கடலுக்கு ஆபத்தான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். கரையோரம் கையால் சிப்பி பொறுக்குவதை அது தடுக்காது.

சினை நண்டில் தின்பவருக்கும் பெரிய லாபம் இல்லை. வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்து தெரிகிறது என்றால், உள்ளே சினைப்பையில் சேர்ந்திருந்த சத்து அந்த முட்டைகளோடு வெளியே வந்துவிட்டது என்று பொருள். ஒரு கொத்தில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அதை வாங்காமல் விட்டால் குழம்புக்குக் குறை எதுவும் வராது. வாங்க ஆளில்லை என்றால், வலையில் சிக்கும் சினை நண்டு திரும்பக் கடலுக்குப் போக வழி பிறக்கும்.