தொற்றும் தீட்டும்

அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, அறந்தாங்கி



டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். டிசம்பர் 6 அண்ணல் நினைவு நாள். முதல் நாளில் கல்லூரிகளின் செஞ்சுருள் சங்கத்து மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். ஆறாம் நாளில் நாம் சிலைக்கு மாலையிட்டுக் கருத்தரங்கு நடத்துகிறோம். ஐந்து நாள் இடைவெளியில் வரும் இந்த இரண்டையும் சேர்த்து நம் மேடைகளில் அதிகம் பேசியதில்லை. இன்று பேசுவோம். எச்.ஐ.வி. தொடுவதால் பரவாது, சேர்ந்து உண்பதால் பரவாது, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால் பரவாது. அப்படிப்பட்ட ஒரு கிருமிக்கு இந்த நாட்டில் தீண்டாமை எப்படி வந்தது? இதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

1. சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதுவரை இது மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டுக்கு வராது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இந்த ஆய்வில் ஈடுபடுத்தினார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து வரப்பட்டு அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். முறையான பாதுகாப்புக் கருவிகள் கிடையாது. மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதை அறிவித்தார்.

இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையை நாம் குறைக்கவில்லை. அதனால்தான் நாடு முழுவதும் பரிசோதனை தொடங்கியது. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்தப் பெண்களின் இடத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கையெட்டும் தூரத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் தேடிப் போகவில்லை. 'எய்ட்ஸ் என்றால் பாலியல் தொழில் செய்யும் பெண்' என்ற எண்ணம் முதல் நாளிலேயே பொதுப்புத்தியில் பதிந்தது.

2. ஏன் சிலரிடம் அதிகம்?

அறிவியலை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்வோம். தொற்றுள்ள ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்கு மேல் பரவினால் நோய் வளரும். ஒருவருக்கும் குறைவாகப் பரவினால் மெல்லத் தேயும். இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சுமார் 0.2 விழுக்காடு. எண்ணிக்கையில் சுமார் 25 லட்சம் பேர். ஆனால் இது எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. 2021ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்புக் கணக்கின்படி, ஊசி மூலம் போதைமருந்து எடுப்போரில் ஏறக்குறைய 9 விழுக்காடு, திருநங்கையரிலும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிலும் மூன்று விழுக்காட்டுக்கு மேல், பாலியல் தொழில் செய்யும் பெண்களில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு.

இதற்குக் காரணம் அவர்களுடைய பிறப்போ குணமோ அல்ல. பகிர்ந்துகொள்ளும் ஊசி கிருமியை நேரடியாக ரத்தத்தில் சேர்க்கிறது. மணிப்பூர், மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் தொற்று பெருகியதற்கு இதுவே பெருங்காரணம். ஆசனவாய் உறவில் தோல் எளிதில் கிழிவதால் கிருமி நுழைய வழி அதிகம். பால்வினைப் புண்ணுக்குச் சிகிச்சை பெறாமல் இருப்பவரின் உடலில் கிருமி இன்னும் எளிதாக நுழைகிறது. ஆணுறை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேச வலு இல்லாத பெண்ணுக்கு ஆபத்து அதிகம். கையில் ஆணுறை இருந்தாலே அதைச் சாட்சியாக வைத்துக் காவல்துறை வழக்குப் போடும் என்றால், அவள் ஆணுறையை எங்கே வைத்துக்கொள்வாள்? வறுமை, காவல்துறை, சட்டம், வெட்கம் ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய நிலை இது.

எனவே 'உயர் ஆபத்துக் குழு' என்ற சொல்லுக்கு ஒரு பயன் உண்டு. ஆணுறையும் சுத்தமான ஊசியும் மருந்தும் முதலில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அந்தப் பயனை நாம் மறுக்கவில்லை. அது நடத்தையைக் குறிப்பதை விட்டு மனிதரைக் குறிக்கத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். 'இந்தச் செயலில் ஆபத்து உண்டு' என்பது மருத்துவம். 'இந்த ஆள் ஆபத்து' என்பது தீட்டு. தொழிலை வைத்து ஆளை அசுத்தமாக்கும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. செத்த மாட்டைத் தூக்கியவரையும் பறையடித்தவரையும் மலம் அள்ள வைக்கப்பட்டவரையும் இதே கணக்கில்தான் ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

வெளிநாட்டிலும் இது நடந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான ஆபத்துப் பட்டியலில் ஹைட்டி நாட்டு மக்கள் என்று ஒரு கறுப்பின நாடே சேர்க்கப்பட்டது. 1990இல் ஹைட்டியர் ரத்ததானம் செய்யவே தடை வந்தது. ஆயிரக்கணக்கானோர் நியூயார்க் தெருக்களில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் தடை கைவிடப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் மிகப் பலருக்குக் கணவரைத் தவிர வேறு உறவு இல்லை என்பதைச் சென்னை, புனே நகரங்களில் நடந்த ஆய்வுகள் முன்பே காட்டிவிட்டன. அவர்களுக்கு ஆபத்து திருமணத்தின் வழியாக வந்தது. ஆனால் மனைவியரை யாரும் ஆபத்துக் குழு என்று அழைப்பதில்லை. திருமணத்துக்குத் தீட்டு இல்லை அல்லவா?

3. பூட்டிவைத்த வரலாறு

நோயைப் பூட்டிவைத்து ஒழிக்கலாம் என்ற எண்ணம் வெள்ளையர் காலத்திலேயே வந்துவிட்டது. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுக்க 1868இல் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெண்கள் பதிவு செய்யப்பட்டார்கள். கட்டாயமாகச் சோதிக்கப்பட்டார்கள். நோய் இருந்தால் தனி மருத்துவமனையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிடம் வந்த சிப்பாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. எதிர்ப்பு வலுத்து 1888இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

நூறாண்டு கழித்து அதே கதை திரும்பியது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர், ரத்ததானம் செய்தபோது தொற்று தெரிய வந்ததற்காகவே பிடித்துத் தனிமையில் அடைக்கப்பட்டார். 1990இல் மும்பையின் பாலியல் தொழில் பகுதிகளிலிருந்து மீட்கப்பட்டதாகச் சொல்லி நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தொற்று இருந்தவர்கள் காப்பகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. நோயாளியை அடைத்துவைக்க முடிந்த அரசால் அன்று அவருக்கு மருந்து தர முடியவில்லை. இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை நாட்டில் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். தாம்பரம் அரசு மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று.

4. பரவல் குறைந்தது எப்படி?

1990களில் தமிழ்நாடு, தொற்று மிகுந்த ஆறு மாநிலங்களில் ஒன்றாக இருந்தது. பிறகு நிலை மாறியது. தென்மாநிலங்களில் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே தொற்று, 2000இல் 1.7 விழுக்காடாக இருந்தது, 2004இல் 1.1 ஆகக் குறைந்தது. நான்கே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இதைச் சாதித்தது பூட்டு அல்ல. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தனி அமைப்பாக உருவானது. பின்னர் மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. லாரி நிற்கும் இடங்களிலும் பேருந்து நிலையங்களிலும் பாலியல் தொழிலாளரே, திருநங்கையரே சக கல்வியாளராக நின்று ஆணுறை கொடுத்தார்கள், பேசினார்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992 முதல் இதே வழி வெற்றி கண்டிருந்தது. சுவரெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்ட விளம்பரம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கேலியாகிப் போனாலும் அது ஒரு திருப்பத்தைச் செய்தது. அதுவரை பெண்ணை நோக்கி நீண்ட விரல், வாடிக்கையாளரான சாதாரண ஆணை நோக்கித் திரும்பியது.

தொற்றுக்கு ஆளானவர்களும் அமைப்பானார்கள். நாமக்கல் பகுதியில் திருமணத்தின் வழி தொற்று பெற்ற பி. கௌசல்யா, வேறு சில பெண்களுடன் 1998இல் 'பாசிடிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். பயனாளியாக இருந்தவர்கள் உரிமை கேட்பவர்களாக மாறினார்கள். 'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்பதன் பொருளை இங்கே பார்க்கிறோம்.

5. அண்ணலின் 1936 பேச்சும் நம் விவாதமும்

1936 ஜூனில் மும்பை தாமோதர் அரங்கில், காமாத்திபுராவில் வாழ்ந்த தலித் பெண்கள், தேவதாசிகள், ஜோகினிகள் முன் அண்ணல் பேசினார். அந்தத் தொழிலைக் கைவிடுங்கள் என்று கடுமையாகவே கேட்டார். அது சமூகத்துக்கு இழுக்கு என்றும் சொன்னார். இதை மறைக்கத் தேவையில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் தலித் பெண்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாலியல் சுரண்டலுக்குள் தள்ளியதை அவர் கண்ணெதிரே கண்டவர். வட கர்நாடகத்தில் அந்த வழக்கம் 1982 சட்டத்துக்குப் பிறகும் நீடித்தது. பாகல்கோட், பெல்காம் பகுதிகள் எச்.ஐ.வி. மிகுந்த பகுதிகளாக ஆனதும் தற்செயல் அல்ல. அங்கே பெண்ணை ஆபத்தில் வைத்தது சாதி.

இன்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள், இதை உழைப்பாக ஏற்று எங்களுக்கு உரிமை கொடுங்கள் என்கின்றன. தலித் பெண்ணியர் பலர், சாதி நம்மேல் சுமத்திய தொழிலை உழைப்பு என்று எப்படி ஏற்பது என்று கேட்கிறார்கள். இந்த விவாதம் முடியவில்லை. முடிந்துவிட்டதாக நாம் நடிக்கவும் வேண்டாம். ஆனால் ஒன்றில் நாம் உறுதியாக நிற்கிறோம். தொழிலை விட்டு வந்தால்தான் மதிப்பு, அதன்பிறகே மருந்து என்று எந்த மனிதருக்கும் நிபந்தனை போடக் கூடாது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும், பாலியல் தொழிலாளருக்குக் கண்ணியமான வாழ்வுரிமை உண்டு என்றும் ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னது.

6. நம் வட்டாரத்தில்

அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். போவதற்கு முன் 'மெடிக்கல்' எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. இருந்தால் வளைகுடாவில் வேலை விசா கிடையாது. இங்குள்ள ஓர் இளைஞருக்குத் தன் நிலை 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லாகத் தெரியவந்தால் அவர் என்ன செய்வார்?

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு, வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தன் நிலை தெரிந்தது. தெரிந்ததும் அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அந்த நேர்மைக்கு மரியாதை கிடைக்கவில்லை. அவர் விஷம் குடித்து இறந்தார். கிருமியால் அவர் சாகவில்லை. மருந்து இருந்தது. தொடர்ந்து மருந்து எடுத்து ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை என்பது அன்றே உறுதியான உண்மை. அதை அவருக்குச் சொல்ல யாரும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எனவே செய்ய வேண்டியவை சில. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம், ஆலோசனை உண்டு. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் நிலையை வெளியே சொல்வதையும் வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குவதையும் தடை செய்கிறது. அதே சட்டம், அரசு மருந்து தருவதை 'இயன்ற வரை' என்று எழுதி ஓட்டையும் விட்டிருக்கிறது. இந்த இரண்டையும் சட்ட மாணவர்கள் படித்து வைத்திருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுக்கக் கற்றுக்கொண்ட நமக்கு இது கடினம் அல்ல.

தேசிய மதிப்பீட்டு அறிக்கைகள் மாநில வாரியாக, பாலின வாரியாக, குழு வாரியாகக் கணக்குத் தருகின்றன. சாதி வாரியாகத் தருவதில்லை. மருந்து யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அறிய அந்தக் கணக்கு தேவை. ஆனால் நாளை அதே கணக்கை வைத்து, 'இது சேரி நோய்' என்று ஒருவர் எழுதவும் கூடும். கேட்கும்போதே இந்த எச்சரிக்கையோடு கேட்போம்.

இலக்கிய அமைப்பாக நமக்கென ஒரு வேலை உண்டு. நளினி ஜமீலா 2005இல் மலையாளத்தில் தன் வாழ்வை எழுதினார். லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் தமிழில் 'நான், வித்யா' எழுதினார். அவை எச்.ஐ.வி. நூல்கள் அல்ல. பட்டியலில் ஒரு குழுவின் பெயராக மட்டும் இருந்தவர்கள், ஆளாக எழுந்து தம் குரலில் பேசியவை. 1986இல் ரத்தம் கொடுத்த அந்த ஆறு பெண்களின் கதையை அவர்கள் வாயால் நாம் கேட்டதில்லை. அப்படியொரு குரல் நம் தெருவிலிருந்து எழுந்தால் அதை அச்சிட, மேடையேற்ற, அருகில் உட்கார்ந்து கேட்க நாம் தயாராக இருப்போம்.

ஜெய்பீம்.