குட்டியின் விலையும் காத்திருப்பின் செலவும்

இராஜஸ்தானத்தில் அஜ்மீர் மாவட்டக் கிளையொன்றில் பணியாற்றியபோது, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டிப் புஷ்கரில் கூடும் கால்நடைச் சந்தைக்குச் சென்றிருந்தேன். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. எங்கள் வாடிக்கையாளரான விவசாயி ஒருவர், தலைக்கயிற்றில் நடக்க மட்டுமே பழகிய பெண்குட்டியொன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். மணமகன் ஊர்வலத்துக்கு அப்பகுதியினர் பெண்குதிரையையே நாடுவர். அவ்வருவாயை நம்பியே அவர் கடன் கேட்டிருந்தார்.

விற்பவர் மூன்று வயது என்றார். உடன் வந்த கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் அனைத்தும் பால்பற்கள். நடுப்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதில். குட்டிக்கு இரண்டு வயதே இருக்கும் என்றார் அவர்.

"ஓராண்டுதானே, சாகிப்!" என்றார் விவசாயி. அந்த ஓராண்டே கணக்கை மாற்றிவிடும். எலும்பும் மூட்டும் முதிருமுன் ஆளேற்றினால் குட்டி முடமாகக்கூடும். அதுவரை தீவனம், குளம்புப் பராமரிப்பு, தடுப்பூசி, காப்பீடு யாவும் செலவே, வரவு இல்லை. கையிருப்பு முழுவதையும் விலைக்கே கொடுத்தவர், தீவனத்துக்கு வழியின்றிக் குட்டியை நஷ்டத்துக்கு விற்க நேரும்.

வாங்குவோர் பல்லைப் பார்ப்பதோடு, மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்னும் இரத்தப் பரிசோதனைச் சான்றையும் கேட்டுப் பெறவேண்டும்.

வயது தெளிவானதும் விலை இறங்கியது. மிச்சப்பட்ட தொகையை அவர் தீவனத்துக்கென வைப்பில் இட்டார். குட்டி வேலைக்கு வரும் பருவத்திலிருந்தே முதல் தவணை தொடங்குமாறு நாங்களும் கடனை அமைத்துக் கொடுத்தோம்.