கேரளத்தில் சிவப்பு மழை பெய்தது ஏன்?

2001 ஜூலையில் கேரளத்தின் கோட்டயம், இடுக்கி பகுதிகளில் சிவப்பு மழை பெய்தது. வெள்ளைத் துணிகளில் கறை படிந்தது. எரிகல் தூசி என்றார்கள். வேற்றுக்கிரக உயிர் என்றும் ஒரு வாதம் கிளம்பியது.

அப்போ உண்மை? மழைநீரில் இருந்தவை டிரென்டிபோலியா என்ற பாசியின் ஸ்போர்கள் என்றது அரசு கேட்ட ஆய்வு. ஸ்போர்னா, இணை சேராமலே பாசி உண்டாக்கும் செல். தனியாகவே புதுப் பாசியாக வளரும். இது பச்சைப்பாசி வகைதான். ஆனால் கேரட்டில் இருக்கும் கரோட்டின் நிறமி இதிலும் நிறைய. அதான் சிவப்பு.

ஆதாரம் கேட்கிறீர்களா? அந்த ஸ்போர்களை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். முளைத்தது இந்தப் பாசி. இதே பாசி பூஞ்சையோடு சேர்ந்து வாழும் லைக்கன்களும் அப்பகுதி மரங்களில், பாறைகளில் ஏராளம்.

இனி மரப்பட்டையில் ஆரஞ்சுப் படலம் தெரிந்தால் உற்றுப் பாருங்க, இந்தப் பாசியாக இருக்கலாம்.